கஜா கொண்டுபோன கூரைக்குப் பதில் ஒரு தகரக் கூரை: வேதாரண்யம் பக்கத்து வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வேதாரண்யத்துக்கு மேற்கே, திருத்துறைப்பூண்டி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அந்த வீடு. முப்பதுக்கு இருபது அடி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மண் சாந்து. முன்னால் தாழ்வாரம், பின்னால் சமையற்கட்டு, அதை ஒட்டி மாட்டுக்கொட்டகை. கடலும் உப்பளமும் பத்து கிலோமீட்டருக்குள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது ஓட்டுக் கூரை போய்விட்டது. நிவாரணத் தார்ப்பாயில் கொஞ்ச நாள். அப்புறம் அவசரத்துக்கு வாங்கிப் போட்ட மெல்லிய கலர் ஷீட்டில் சில வருடம். அதுவும் துருப்பிடித்து, பகலில் உள்ளே உட்காரவே முடியாது என்றான பிறகு, சிங்கப்பூரில் இருக்கும் மகன் பணம் அனுப்பினார். நான் கட்டட வேலை மேற்பார்க்கிறவன் என்பதால் வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"எந்தக் கம்பெனி ஷீட்டு தம்பி நல்லாருக்கும்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. டெல்டாவில் கூரை மாற்றுகிற எல்லோரும் கேட்பது இதுதான். ஆனால் இந்தப் பகுதியில் தகரக் கூரை தோற்றுப்போவது சூட்டிலும் உப்பிலும் காற்றிலும். இந்த மூன்றிலும் ஷீட்டின் பெயருக்கு இருக்கும் பங்கு சின்னது. ஷீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது, எந்த ஸ்க்ரூ பிடித்திருக்கிறது, சட்டம் சுவரோடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதே பெரும்பங்கு. இந்த வீட்டில் பணத்தை அந்தப் பக்கம் திருப்பினோம்.

பழைய ஷீட்டைப் பிரித்தபோது

எந்தக் கூரை வேலையிலும் பழசைப் பிரிக்கும் நாளில் கூடவே நிற்க வேண்டும். என்ன தப்பு என்பதை அதுவே காட்டிவிடும்.

பில்லில் ஷீட்டின் தடிமன் எழுதப்படவே இல்லை. மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தால் பெயின்டோடு சேர்த்து 0.35 மில்லிமீட்டர். ஸ்க்ரூ ஓட்டைகள் வட்டமாக இல்லை, நீள்வட்டமாக இழுபட்டிருந்தன. சில ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை போல விரிசல்கள் நட்சத்திர வடிவில் ஓடியிருந்தன. வாஷர் ரப்பர் வெயிலில் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. ஸ்க்ரூவின் தலையிலிருந்து வழிந்த துரு ஷீட்டின் மேல் கோடு கோடாக இறங்கியிருந்தது. கிரைண்டரில் அறுத்த ஓரங்கள் எல்லாம் அரித்திருந்தன. அறுக்கும்போது தெறித்த பொறிகள் ஷீட்டில் ஒட்டிய இடங்களில் புள்ளி புள்ளியாகத் துரு. சமையற்கட்டின் மேல் ஷீட்டின் அடிப்புறம் விறகுப் புகையால் கறுத்திருந்தது, மாட்டுக்கொட்டகையை ஒட்டிய பக்கத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

எல்லாவற்றையும் விட என்னைத் திடுக்கிட வைத்தது சட்டம்தான். ஜிஐ பைப்புகளைச் சுவரின் மேல் வைத்து, சுற்றிலும் கொஞ்சம் சிமெண்ட் கலவை அப்பியிருந்தார்கள். அவ்வளவுதான் பிடிமானம். வெல்டர் தம்பி ஒரு பைப்பின் முனையைக் கையாலேயே தூக்கிக் காட்டினார்.

வேறு என்ன போடலாம் என்று பார்த்தது

வீட்டுப் பெரியவருக்குத் திரும்பவும் ஓடுதான் ஆசை. அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. ஓடு வெற்றுத் தகரத்தை விடக் குளிர்ச்சி, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலேயே காற்று போய்வரும். நல்ல மரத்தோடு ஓட்டுக் கூரை நிற்கிற வீட்டைப் பிரித்துத் தகரம் போடச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை. இங்கே மரமே மிச்சமில்லை. புது மரம், ரீப்பர், அப்புறம் கரையான் வைத்தியம் என்று செலவு ஏறியது. காங்கிரீட் தளத்தை மண் சாந்துச் சுவர் தாங்காது, சுவரோடு இடித்துக் கட்ட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸை நானே வேண்டாம் என்றேன். புயலில் அது உடைந்து சிதறும், உடையும்போது பறக்கும் நார் நுரையீரலுக்குள் போகும்.

உலோகத் தகட்டின் பக்கம் ஒரு நல்ல வாதமும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. நம் கடலோரம் வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதி. பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு. காங்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் படுக்கிற நேரத்தில் தலைக்கு மேல் இறக்குகிறது. அதனால்தான் சித்திரை, வைகாசியில் மாடி வீட்டுக்காரர்களும் மொட்டைமாடியில் பாய் விரிக்கிறார்கள். தகரத்தில் சேர்த்து வைக்க இடமில்லை, வெயில் இறங்கியதும் அதுவும் ஆறிவிடும். பகல் சூட்டை மட்டும் சமாளித்துவிட்டால் இரவில் இது நல்ல கூரை.

காற்றுக்குக் கட்டியது

காற்றின் அழுத்தத்துக்கு எளிய கணக்கு உண்டு. வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, வர்க்கமாக்கி, 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 68 கிலோ. இந்திய காற்றுச் சுமைத் தரம் ஐஎஸ் 875, மூன்றாம் பகுதியில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஷீட்டின் எடை சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ கூட வராது.

இந்தக் கூரை சுமார் 65 சதுர மீட்டர். 120 கிலோமீட்டர் காற்றிலேயே மொத்தம் நாலு டன்னுக்கு மேல் மேல்நோக்கி இழுக்கும். ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் இழுப்பு இன்னும் அதிகம். காற்று வரும் பக்கம் ஒரு கதவு பிய்ந்து திறந்துகொண்டால் உள்ளேயிருந்தும் தள்ளும். இதற்கு எதிராக அப்பிய சிமெண்ட் கலவை என்ன செய்யும்?

ஆகவே முதல் செலவு சுவரின் தலையில். ஆறடிக்கு ஓரிடம் என்று சுவரை மேலிருந்து மூன்றரை அடி ஆழத்துக்கு வெட்டி, கம்பி இறக்கி, காங்கிரீட் நிரப்பினோம். அந்தக் கம்பிகளைச் சுவரின் மேல் சுற்றிலும் போட்ட காங்கிரீட் பட்டையோடு கட்டினோம். பட்டையில் முன்கூட்டியே பதித்த போல்ட்டுகளில் ராஃப்டரின், அதாவது சுவரிலிருந்து முகட்டுக்குச் சரிவாக ஏறும் சட்டத்தின், அடித்தகடு உட்காருகிறது. இனி கூரையைக் காற்று தூக்க வேண்டுமானால் மூன்றரை அடிச் சுவரையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

வெல்டர், "நாலடிக்கு ஒரு பர்லின் போதும் சார், எல்லா வீட்டுலயும் அப்படித்தான் போடுறோம்" என்றார். பர்லின் என்பது ராஃப்டர்களின் மேல் குறுக்கே படுத்து ஷீட்டைத் தாங்கும் சட்டம். நடுவில் நாலடியை ஒப்புக்கொண்டேன். இறவாரம், முகடு, இரு பக்க முக்கோணச் சுவர் ஓரங்களில் மூன்றடியாக நெருக்கச் சொன்னேன். அந்த ஓரங்களில் ஷீட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ, நடுவில் ஒன்று விட்டு ஒன்று.

பழைய ஷீட்டில் பார்த்த நட்சத்திர விரிசல்களுக்கு ஒரு முன்கதை உண்டு. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரமும் நம்மைப் போல வெக்கையும் புழுக்கமும் உள்ள கடலோர ஊர். 1974 கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை டிரேசி புயல் அந்த ஊரின் பெரும்பகுதியை அழித்தது. தகரக் கூரைகள் எப்படிப் போயின என்று பொறியாளர்கள் ஆராய்ந்தபோது தெரிந்தது இதுதான்: காற்று ஒரே இழுப்பில் பிய்க்கவில்லை. மணிக்கணக்கில் ஷீட்டைத் தூக்கித் தூக்கி விட்டதில், ஸ்க்ரூ தலையைச் சுற்றித் தகடு வளைந்து வளைந்து விரிசல் விட்டது. கடைசியில் ஸ்க்ரூ மரத்திலேயே இருக்க, ஷீட் மட்டும் கழன்று பறந்தது. அதன் பிறகு அங்கே புயல் பகுதிக்கான ஷீட்டுகளை ஆயிரக்கணக்கான முறை இழுத்துவிட்டுச் சோதிப்பது விதியானது. நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, மெல்லிய ஷீட்டும் சின்ன வாஷரும் நம் கடலோரத்துக்கு ஆகாது என்பது. இந்த வீட்டின் ஓரங்களில் ஸ்க்ரூவுக்கு அடியில் அகலமான உலோகத் தட்டும் அதன் கீழ் வெயிலைத் தாங்கும் ஈபிடிஎம் ரப்பரும் வைத்தோம்.

தாழ்வாரத்தைத் தனிக் கூரையாக்கினோம். வெயிலுக்கும் மழைக்கும் நீண்ட இறவாரம் நல்லது, காற்றுக்கு அது பிடி கொடுக்கும். தாழ்வாரத்தின் கூரை பெரிய கூரையின் தொடர்ச்சியாக இருந்தால் முதலில் அது தூக்கப்படும், போகும்போது பெரிய கூரையையும் பிய்த்துக்கொண்டு போகும். இப்போது அது ஒரு முழம் கீழே, தனிச் சட்டத்தில். போனால் அது மட்டும் போகட்டும். நான்கு பக்கமும் சரியும் கூரை காற்றுக்கு இன்னும் நல்லதுதான். ஆனால் மூலைகளில் ஷீட்டைக் குறுக்கே அறுக்க வேண்டிவரும். உப்புக் காற்றில் அத்தனை அறுத்த ஓரங்கள் வேண்டாம் என்று இரண்டு பக்கச் சரிவையே வைத்துக்கொண்டோம்.

சூட்டுக்கு

கடையில் பளபளவென்று இருக்கும் வெற்று கால்வால்யூம் ஷீட்டைக் காட்டி, "இது வெயில அப்படியே திருப்பி அனுப்பிடும்" என்பார்கள். பாதி உண்மை. 55 சதவீதம் அலுமினியமும் மீதி பெரும்பாலும் துத்தநாகமும் கொண்ட அந்தப் பூச்சு வெயிலை நிறையவே திருப்புகிறது. ஆனால் வாங்கிய கொஞ்சச் சூட்டைக் கதிராக வெளியே விடுவதில் பளபளப்பான உலோகம் படுமோசம். உள்ளேயே வைத்துக்கொண்டு கொதிக்கும். வெள்ளை பெயின்ட் அடித்த ஷீட் வெயிலில் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பிவிட்டு, வாங்கிய சூட்டையும் எளிதாக வெளியே விட்டுவிடும். ஆகவே நிறம் வெள்ளை அல்லது அதற்குப் பக்கத்தில்.

அம்மாவுக்கு மனசு வரவில்லை. "ஓடு மாதிரி சிவப்பா இருந்தாத்தான் தம்பி வீடுன்னு இருக்கும். வெள்ளையப் போட்டா நெல்லு குடோன் மாதிரில்ல இருக்கும்." தெருவிலிருந்து கண்ணில் படுவது தாழ்வாரம்தான் என்பதால் அதற்குச் செங்கல் சிவப்பும் பெரிய கூரைக்கு வெள்ளையும் என்று முடிவானது.

ஆனால் வெள்ளையும் நாள்பட அழுக்கேறும், பாசி பிடிக்கும். உண்மையான வேலை அடியில்தான். ஷீட்டின் அடிப்புறம் 65 டிகிரியில் இருந்து, கீழே இருப்பவர்களும் தரையும் 34 டிகிரியில் இருந்தால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 வாட் கதிராக இறங்குகிறது. தகர வீட்டில் மத்தியானம் ஃபேனைப் போட்டாலும் உச்சந்தலை காய்வது இதனால்தான். ஃபேன் காற்றை நகர்த்தும், கதிரை நகர்த்தாது.

இதைத் தடுக்க மலிவான பொருள் அலுமினியம் ஃபாயில் ஒட்டிய பபுள் ஷீட். அது உதவ வேண்டுமானால் பளபளப்பு முகத்துக்கு எதிரே காற்றிடைவெளி இருக்க வேண்டும். ஷீட்டுக்கும் பலகைக்கும் நடுவே நசுக்கி வைத்தால் ஒரு பயனும் இல்லை. கீழ்நோக்கிய முகம் முக்கியம். மேல்முகத்தில் தூசி படிந்து அதன் குணம் போய்விடும், கீழ்முகம் சுத்தமாகவே இருக்கும்.

வெல்டர் ஃபாயிலைப் பர்லினுக்கு அடியில் இழுத்துக் கட்டத் தொடங்கியிருந்தார். அப்படிக் கட்டினால் இடைவெளி வரும், ஆனால் காற்று ஓடாது. பர்லின்கள் குறுக்கே படுத்திருக்கின்றன, மேலே ஷீட்டைத் தொடுகின்றன, கீழே ஃபாயிலைத் தொடுகின்றன. ஒவ்வொரு இரண்டு பர்லினுக்கும் நடுவில் சூடான காற்று அடைந்து கிடக்கும். ஃபாயிலை இன்னும் கீழே, ராஃப்டருக்கு அடியில் இறக்கினோம். இப்போது இறவாரத்தில் நுழைகிற காற்று பர்லின்களுக்குக் கீழாகவே சரிவில் ஏறி, முகட்டுக்கு அடியில் சேர்ந்து, முக்கோணச் சுவர்களின் உச்சியில் வைத்த சாய்தட்டு ஜன்னல்கள் வழியாக வெளியேறுகிறது. ஃபாயிலை முகடு வரை கொண்டுபோகாமல் ஒரு சாண் விட்டதால் அறையின் சூடும் அதே வழியில் போகிறது. நுழைவாயில்களில் அணிலும் எலியும் புகாமல் கம்பிவலை. புயல் அறிவிப்பு வந்தால் சாய்தட்டுகளை மூடப் பலகைக் கதவும் உண்டு.

இதே ஃபாயில் இன்னொரு தொல்லைக்கும் மருந்தானது. மார்கழி, தை விடியற்காலையில் தகரம் வானத்துக்குச் சூட்டை விட்டுச் சுற்றுக்காற்றை விடக் குளிர்ந்துவிடும். நம் காற்றில் ஈரம் அதிகம். அது ஷீட்டின் அடியில் முத்து முத்தாகக் கோத்துப் படுக்கையில் சொட்டும். பல வீடுகளில் ஓட்டை இருக்கிறதென்று நினைத்து எம்சீல் வாங்கி மேலே அப்பிக்கொண்டிருப்பார்கள். சரிவாக, மேல் விரிப்பு கீழ் விரிப்பின் மேல் ஏறும்படி போட்ட ஃபாயில் அந்தச் சொட்டை வாங்கிச் சுவருக்கு வெளியே கொண்டுபோய் விடுகிறது.

உப்புக்கு

உப்பில் கவனிக்க வேண்டியது மழை படாத இடம். கூரையின் மேல்பக்கத்தை ஐப்பசி மழை கழுவிவிடும். இறவாரத்தின் அடிப்பக்கத்தையும் தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தையும் யாரும் கழுவுவதில்லை, கொண்டல் காற்று கொண்டுவரும் உப்பு அங்கேயே படிந்து துரு அங்கேதான் தொடங்கும். மாதம் ஒருமுறை ஹோஸ் பைப்பால் நல்ல தண்ணீர் அடித்தால் போதும்.

ஷீட்டில் கேட்டது ஏஇசட் 150 பூச்சு, அதாவது இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம். அதன் மேல் பெயின்ட். இதற்கு ஐஎஸ் 15965 என்ற தரம் இருக்கிறது, பில்லில் அந்த எண்ணை எழுதித் தரச் சொல்லலாம். வெற்று ஜிஐ ஷீட் என்றால் 275 கிராம் துத்தநாகத்துக்குக் குறையக் கூடாது, 120 கிராம் பூச்சு கடலோரத்தில் நிற்காது. உப்பளத்தை ஒட்டியே வீடு என்றால் அலுமினிய ஷீட்டுக்குப் போவது மேல்.

ஓரம் அறுக்க கிரைண்டரைத் தொடவே விடவில்லை. கத்தரிதான். துளை போட்ட இரும்புத் தூளை அன்றன்று மாலையே துடைப்பத்தால் கூட்டினோம், ஒரு இரவு பனி பட்டாலே அது துருக்கறை போடும். சுவரோடு ஷீட் சேருமிடத்தில் கொத்தனார் வழக்கம்போலக் கலவை அப்ப வந்தார். ஈரச் சிமெண்டும் சுண்ணாம்பும் அலுமினியப் பூச்சைத் தின்றுவிடும் என்று சொல்லி, மடித்த தகட்டுப் பட்டை வைத்து மூடினோம்.

பில்லில் 0.50, தராசில் எவ்வளவு

கடையில் "பாயின்ட் ஃபைவ்" என்றால் பெரும்பாலும் பூச்சும் பெயின்டும் சேர்ந்த தடிமன். உள்ளே இரும்பு 0.45-தான். அது தப்பில்லை, தெரிந்து வாங்க வேண்டும். தப்பு, 0.50 என்று எழுதி 0.45 கொடுப்பது. இதைப் பிடிக்கத் தராசு போதும். 1220 மில்லிமீட்டர் அகலச் சுருளில் அழுத்திய பன்னிரண்டு அடி ஷீட், உள்ளே 0.45 இரும்பு என்றால் பதினாறரைக் கிலோ சுற்றி இருக்கும். 0.40 என்றால் பதினைந்து கிலோவைத் தாண்டாது. வண்டியிலிருந்து இறக்கும்போதே இரண்டு மூன்று ஷீட்டைப் பக்கத்து உரக்கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தோம். சரியாக இருந்தது. ஏற்றிப் பார்ப்போம் என்று ஆர்டர் கொடுக்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருந்தோம், அதுவும் உதவியிருக்கும்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. சர்வீஸ் ஒயர் தகரத்தின் மேல் உரசிக்கொண்டு போகும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். ஒயரின் தோல் தேய்ந்தால் முழுக் கூரையிலும் மின்சாரம் பாயும். கூரைச் சட்டத்துக்கு எர்த் கொடுத்து, மீட்டர் பலகையில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வைக்காமல் தகரக் கூரை வேலையை முடிந்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

முடிந்த பிறகு

கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம் வெப்பமானித் துப்பாக்கியோடு போனேன். பளபளக்கும் ஃபாயிலை அது நேராக அளந்தால் பொய் சொல்லும், எதிரில் இருப்பதன் சூட்டைக் காட்டும். அதனால் ஃபாயிலில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதை அளந்தேன். அறைக் காற்றை விட இரண்டு மூன்று டிகிரிதான் கூடுதல். பின்கட்டில் பிரிக்காமல் விட்ட பழைய ஷீட்டின் அடிப்பக்கம் அதே நேரத்தில் அறுபதைத் தாண்டியிருந்தது. பெரியவர் இப்போது மத்தியானத்தில் புளியமர நிழலுக்குப் போகாமல் கூடத்திலேயே படுக்கிறார்.

மழைச் சத்தம் குறைந்திருக்கிறது, போகவில்லை. அடைமழை இரவில் டிவி கேட்காது. படுக்கையறைக்கு மட்டும் ஃபைபர் சிமெண்ட் பலகையில் உள்கூரை போட்டிருக்கிறோம், அங்கே பரவாயில்லை. ஜிப்சம் பலகை நம் ஈரத்துக்கு ஊறிவிடும்.

நிலத்தடி நீர் உப்பாகிவிட்ட ஊரில் சுத்தமான கூரை நீர் பெரிய விஷயம். ஒரு நாளில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் இந்தக் கூரையிலிருந்து ஆறாயிரம் லிட்டர் வரை எடுக்கலாம். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு மற்றதைத் தொட்டியில் பிடிக்கிறார்கள். சாதமும் டீயும் அந்தத் தண்ணீரில்தான்.

கஜா அளவுக் காற்று இந்தக் கூரையை இன்னும் சோதிக்கவில்லை. புரட்டாசி கடைசியில் ஏறி, தளர்ந்த ஸ்க்ரூவை இறுக்கி, வெடித்த வாஷரை மாற்ற வேண்டும் என்று வெல்டரிடம் பேசி வைத்திருக்கிறோம். மேலே சேரும் தென்னஞ்சருகையும் அப்போதே தள்ளிவிடுவார், அதன் அடியில் ஈரம் தங்கினால் பெயின்ட் போய்விடும்.

மாட்டுக்கொட்டகைக்கும் அதே ஷீட் போடலாமா என்று மகன் போனில் கேட்டார். வேண்டாம் என்றேன். மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா பூச்சை அரிக்கும், மாடும் தகரத்தின் கீழ் வாடும். அங்கே கீற்றுதான், வீட்டுச் சட்டத்தோடு ஒட்டாமல் நாலடி தள்ளி.